மணிக்கட்டை அசையாமல் இணைத்துவிட்டால் கை வீண்தானா?

கேள்வி: அரூர் வாசகர், பிப்ரவரி 3

அம்மாவுக்கு 61 வயது. 14 வருஷமாக முடக்குவாதம். இரண்டு மணிக்கட்டும் வீங்கிக் கிடக்கிறது, வலது கை ஒரு பக்கமாகச் சாய்ந்தே போய்விட்டது. பிளேட் வைத்து மணிக்கட்டை ஒரேயடியாக இணைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். அப்புறம் அது கையா, கட்டையா? முழங்காலுக்கு மூட்டு மாற்றுகிறார்கள், இடுப்புக்கு மாற்றுகிறார்கள், மணிக்கட்டுக்கு மட்டும் ஏன் இல்லை? எங்களுக்கு அசைவு திரும்பக் கிடைக்கிற ஆபரேஷன்தான் வேண்டும். இணைப்பது டாக்டருக்குச் சுலபம், நோயாளிக்கு நஷ்டம் என்பது என் கருத்து. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

தம்பி, எனக்கு இரண்டு விதமும் நடந்திருக்கிறது. வலது மணிக்கட்டை 2017-ல் முழுதாக இணைத்தார்கள். இடதில் 2019-ல் பாதியை மட்டும் இணைத்து, மீதி அசைவை விட்டுவைத்தார்கள். ஊர் பாலக்கோடு பக்கம், பட்டுப்புழு வளர்க்கிற வீடு. இன்று காலையில்கூட ஆறு பேருக்குக் களி கிண்டினேன். துடுப்பைப் பிடித்து அழுத்தியது அந்த இணைத்த வலது கைதான்.

அம்மா கைத்தடி ஊன்றுகிறாரா? எந்தக் கையில்? அதை எழுதுங்கள், மீதியை நாளைக்குச் சொல்கிறேன்.

பிப்ரவரி 4, மதியம்

புழுவுக்கு இலை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மணிக்கட்டுக்கு மாற்று மூட்டு இருக்கிறது. புதிதும் இல்லை. பெர்லினில் தெமிஸ்டோக்கிளிஸ் க்ளூக் என்ற டாக்டர் 1890-லேயே, காசநோய் அரித்த ஒரு மணிக்கட்டில் யானைத் தந்தத்தால் செய்த மூட்டைப் பொருத்தினார். 1960-களில் அமெரிக்காவில் ஸ்வான்சன் சிலிக்கோன் மூட்டு கொண்டுவந்தார். அது வளைந்து வளைந்து உடைந்தது, அதன் துகள் உள்ளேயே புண் உண்டாக்கியது. அப்புறம் உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தவை பல தலைமுறை வந்துவிட்டன. இன்றைக்கும் பொருத்துகிறார்கள்.

ஆனால் முழங்காலையும் மணிக்கட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள். முழங்காலில் இரண்டு தடித்த எலும்பு, உலோகத்தை இறக்கிப் பிடிக்கவைக்க இடம் தாராளம். மணிக்கட்டிலோ புளியங்கொட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கின மாதிரி எட்டுச் சின்ன எலும்புகள். முடக்குவாதம் அவற்றைத்தான் அரித்திருக்கும். மாற்று மூட்டின் விரல்பக்கத்துப் பாதி அந்த அரித்த எலும்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் தளர்ந்து ஆட ஆரம்பிக்கிறது. அதனால்தான் பொருத்திய கையால் ஒரு சில கிலோவுக்கு மேல் தூக்காதே, ஊன்றி எழாதே, கைத்தடி பிடிக்காதே என்று ஆயுசுக்கும் சொல்லி அனுப்புகிறார்கள். எலும்பு இன்னும் உறுதியாக இருந்து, வேலையும் இலேசாக இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. நான் தண்ணீர்க்குடம் தூக்குகிறவள். எனக்கு வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

எத்தனை டிகிரி அசைந்தால் போதும் என்பது அடுத்த விஷயம். என் மகள் நர்ஸ், இதையெல்லாம் தேடி எடுத்துக் கொடுத்தாள். நல்ல மணிக்கட்டு முன்னால் ஒரு 75, பின்னால் ஒரு 70 டிகிரி மடியும். 1985-ல் பால்மர் குழு அளந்து பார்த்ததில், அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை முன்னால் 5, பின்னால் 30 டிகிரிக்குள்ளேயே முடிந்துவிட்டன. 1991-ல் ரியூ என்பவரின் குழு வேறு மாதிரி அளந்து, முன்னால் 40, பின்னால் 40 வேண்டும் என்றது. இரண்டு கணக்குக்கும் நடுவில் எவ்வளவு தூரம் பாருங்கள். எந்த வேலை என்று கேட்காமல் வெறும் டிகிரியைக் கேட்டால் இப்படித்தான் ஆளுக்கொரு எண் வரும். என் இடது கை இப்போது பின்னால் 35, முன்னால் 25. பிசியோ அளந்து எழுதிக் கொடுத்தது.

பிப்ரவரி 4, இரவு

அந்த 35, 25 எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மணிக்கட்டுக்குள் உண்மையில் இரண்டு மடிப்பு. முன்கை எலும்புக்கும் முதல் வரிசைச் சின்ன எலும்புகளுக்கும் நடுவில் ஒன்று, முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் நடுவில் இன்னொன்று. முடக்குவாதம் பெரும்பாலும் முதல் மடிப்பை முந்திக் கெடுக்கிறது. இரண்டாவது நன்றாக இருந்தால், கெட்டதை மட்டும் இணைத்துவிட்டு நல்லதை விட்டுவிடலாம். முன்கையில் கட்டைவிரல் பக்கத்து ஆரை எலும்போடு, முதல் வரிசையின் ஸ்காஃபாய்டு, லூனேட் என்ற இரண்டு எலும்பையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். ஸ்காஃபாய்டின் கீழ்நுனியைக் கொஞ்சம் எடுத்துவிட்டால் மிச்ச மடிப்பு இன்னும் தாராளமாக அசையும். எனக்கு எடுத்தார்கள்.

அந்த இரண்டாவது மடிப்பு எதற்கு உதவும் என்று கேட்டால், நாளைக் காலையில் அம்மா வாசல் தெளிக்கும்போது பாருங்கள். சொம்பிலிருந்து தண்ணீரை அள்ளும்போது கை கட்டைவிரல் பக்கமாகப் பின்னால் போகும். வீசும்போது சுண்டுவிரல் பக்கமாக முன்னால் விழும். சாய்வாக ஒரு கோடு. சுத்தியல் ஓங்குவதும், கோழிக்குத் தானியம் இறைப்பதும் அதே கோடுதான். அந்தச் சாய்வான அசைவு முக்கால்வாசி இரண்டாவது மடிப்பில்தான் நடக்கிறது. அதனால்தான் டிகிரி பாதிக்கும் கீழே குறைந்தும் என் இடது கை வேலைக்கு ஆகிறது.

பிப்ரவரி 6

அவசரமான ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் தானாக நிமிர்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

2016 ஐப்பசியில் ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வலது சுண்டுவிரல் மடங்கியது, திரும்ப எழவில்லை. வலி கிடையாது. இடது கையால் தூக்கிவிட்டால் எழும், விட்டால் விழும். பக்கத்து ஊரில் ஒரு டாக்டரிடம் போனேன். நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி ஐந்து போட்டார். மூன்றாவது வாரம் மோதிரவிரலும் விழுந்தது.

அது நரம்பே இல்லை. மணிக்கட்டின் மேற்புறம் சுண்டுவிரல் பக்கம் உருண்டையாகத் துருத்திக்கொண்டு நிற்குமே, முன்கையின் இன்னொரு எலும்பான அல்னாவின் தலை, முடக்குவாதத்தில் அது மேலே கிளம்பி முள் முள்ளாக ஆகிவிடுகிறது. விரலை நிமிர்த்துகிற தசைநாண் அதன்மேல் உரசி உரசி, கிணற்றுக் கயிறு கல்லில் தேய்கிற மாதிரி அறுந்துபோகிறது. முதலில் சுண்டுவிரல், அடுத்து மோதிரவிரல், விட்டால் நடுவிரல். முதல் விரல் விழுந்த வாரமே போயிருந்தால் ஒன்றைத் தைத்தால் போதும். எனக்கு இரண்டு. மோதிரவிரலின் அறுந்த நுனியை நடுவிரல் தசைநாணோடு சேர்த்துத் தைத்தார்கள். ஆள்காட்டி விரலை நிமிர்த்த இரண்டு தசைநாண் உண்டாம், அதில் ஒன்றைப் பிரித்துச் சுண்டுவிரலுக்குக் கொடுத்தார்கள். ஒரு நாணை எடுத்து வேறு வேலைக்கு வைக்கிற இந்த வித்தையை 1940-களின் கடைசியில் வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்குச் செய்து பெயர் வாங்கினார். நம் பக்கத்திலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் நடந்த விஷயம். எனக்கு என் கை கெட்ட பிறகுதான் தெரிந்தது.

துருத்திய அல்னா தலையை வெட்டி எடுத்தார்கள். அதைத் தூக்கிப் போடவில்லை, பொடித்து, மணிக்கட்டை இணைக்கும் இடத்தில் எலும்புத் துகளாக நிரப்பினார்கள்.

பிப்ரவரி 6, கொஞ்ச நேரம் கழித்து

மேலே படித்தால் பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறது. அதற்காக எழுதவில்லை தம்பி. விரலை மட்டும் பாருங்கள்.

பிப்ரவரி 7

இணைத்துவிட்டால் கையேந்திப் பிரசாதம்கூட வாங்க முடியாதாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். உள்ளங்கையை மேலே கீழே திருப்புவது முன்கையில் ஆரையும் அல்னாவும் ஒன்றையொன்று சுற்றுவதால் வருகிறது. மணிக்கட்டை இணைத்தாலும் அது நிற்காது. சாவி திருப்புகிறேன், விபூதி வாங்குகிறேன். அல்னா தலையை எடுத்த பிறகு முன்பைவிடச் சுலபமாகத் திரும்புகிறது.

முடியாதது எது என்றும் சொல்கிறேன். சின்ன வாய்ச் சொம்புக்குள் கையை விட்டு அடியைத் தேய்க்க முடியாது. ரவிக்கையில் பின்கொக்கி போட முடியாது, முன்கொக்கிக்கு மாற்றிக்கொண்டேன். தரையில் உள்ளங்கையை ஊன்றி எழ முடியாது, முஷ்டியை ஊன்றித்தான் எழ வேண்டும். புழு கூடு கட்டுகிற தட்டான சந்திரிகையிலிருந்து கூடு எடுக்கும்போது வலது கைக்கு முழங்கையும் தோளும் சேர்ந்து வேலை செய்கிறது, சாயந்திரம் தோள் வலிக்கிறது.

பிப்ரவரி 9

ஓசூர்க்காரருக்கு: உங்களுக்கு முடக்குவாதம் இல்லை, 12 வருஷத்துக்கு முன் வண்டியிலிருந்து விழுந்து உள்ளே ஒரு எலும்பு ஒட்டாமலே போய்விட்டது என்கிறீர்கள். எனக்குச் செய்த மாதிரி ஆரையோடு பாதி இணைப்பு செய்துகொள்ளுங்கள். அசைவு மிஞ்சும்.

பிப்ரவரி 10

மேலே ஓசூர்க்காரருக்கு எழுதியது தப்பு. மகளிடம் காட்டினேன், “அம்மா, அவருக்கு அது பொருந்தவே பொருந்தாது” என்றாள். ஸ்காஃபாய்டு உடைந்து ஒட்டாமல் விட்டால் தேய்மானம் வேறு வழியில் போகிறது. ஸ்காஃபாய்டும் ஆரையும் உரசுகிற இடம் முதலில் கெடும், அப்புறம் இரண்டு வரிசைக்கும் நடுவிலுள்ள மடிப்பு. லூனேட் உட்கார்ந்திருக்கிற குழி பெரும்பாலும் கடைசிவரை நன்றாக இருக்கும். எனக்குக் கெட்ட இடம்தான் அவருக்கு நல்ல இடம்.

அதனால் அவருக்கு இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, ஸ்காஃபாய்டை எடுத்துவிட்டு, மிச்சமுள்ளவற்றில் நான்கு எலும்புகளை ஒன்றோடொன்று இணைப்பது. இன்னொன்று, முதல் வரிசையில் மூன்று எலும்புகளை எடுத்துவிடுவது, அப்போது இரண்டாம் வரிசையின் பெரிய எலும்பு, காபிடேட், இறங்கி வந்து அந்த நல்ல குழியில் உட்கார்ந்துகொள்ளும். இதில் எதுவும் ஒட்ட வேண்டியதில்லை, அதனால் கட்டு சீக்கிரம் பிரியும். ஆனால் காபிடேட்டின் தலை வழவழப்பாக இருக்க வேண்டும். எந்த வழியிலும் ஏறக்குறைய பாதி அசைவு நிற்கும் என்கிறார்கள்.

ஐயா, பீடி சிகரெட் இருந்தால் முதலில் அதை விடுங்கள். எலும்பு ஒட்டுவதை அது கெடுக்கிறது.

பிப்ரவரி 11

பேத்தி வந்திருக்கிறாள். என் வலது மணிக்கட்டைத் தட்டிப் பார்த்து, “அம்மாச்சி, உள்ளே இரும்பா? காந்தம் ஒட்டுமா?” என்று ஃப்ரிட்ஜில் இருந்த மாம்பழ பொம்மையைக் கொண்டுவந்து வைத்தாள். ஒட்டவில்லை. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது என்று அவள் அம்மா சொன்னாள். “அப்போ இது நல்ல இரும்பு இல்லை, மாத்திடு” என்கிறாள். வீடே சிரித்தது.

பிப்ரவரி 13, இரவு

அரூர்த் தம்பியின் பதில் வந்துவிட்டது. அம்மா வலது கையில் தடி ஊன்றுகிறார், இரண்டு முழங்காலும் மோசம். வலது எக்ஸ்ரேயில் இரண்டு மடிப்புமே போய்விட்டதாக டாக்டர் சொன்னாராம். விரல்கள் நிமிர்கின்றன. அதைக் கேட்டதும் மனசு நிம்மதியானது.

நாலாம் தேதி எழுதும்போது, உங்கள் அம்மாவுக்கும் பாதி இணைப்பைக் கேட்டுப்பாருங்கள் என்றுதான் முடிக்க நினைத்திருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். விட்டுவைக்க நல்ல மடிப்பு இல்லை. மாற்று மூட்டில் தடி ஊன்றக் கூடாது. வலது கைக்கு உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. அவர் சுலபத்துக்குச் சொல்லவில்லை.

ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் கையை முன்பக்கமாக நன்றாக மடித்துக்கொண்டு, அப்படியே முஷ்டியை இறுக்கிப் பாருங்கள். பிடி வராது. இப்போது மணிக்கட்டைச் சற்றே பின்னால் சாய்த்து இறுக்குங்கள். முழுப் பலமும் வரும். முழுதாக இணைக்கும்போது இப்படி 10, 15 டிகிரி பின்னால் சாய்த்துத்தான் பிளேட்டை முடுக்குகிறார்கள். சாய்ந்து தொங்குகிற உங்கள் அம்மாவின் கைக்கு அந்தப் பிடி பல வருஷமாகக் கிடைத்திருக்காது.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம், மணிக்கட்டை அசையவிடாத கடினமான ஸ்ப்ளின்ட் பட்டை போட்டு வாழ்ந்து பார்க்கச் சொல்லுங்கள், எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். முதல் மூன்று நாள் கோபம் கோபமாக வந்தது. ஐந்தாம் நாள் ராத்திரி முழுக்கத் தூங்கினேன். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் வந்த தூக்கம். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 14

இன்னும் இரண்டு விஷயம், மறந்துவிடுவேன்.

முழு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் கழுத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று. பல வருஷ முடக்குவாதத்தில் கழுத்தின் மேல் இரண்டு எலும்பும் தளர்ந்திருக்கலாம், மயக்க டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும். எனக்குக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள்.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டுக்கொண்டு உயிருக்கு ஆபத்தாகப் போனவர்கள் உண்டு. கிழமையைச் சீட்டில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஆபரேஷன் என்பதற்காக நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். கைக்கென்றே தனித் துறை சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இருக்கிறது, இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் அங்கே போகலாம்.

பிப்ரவரி 17

இடது கையைப் பற்றி என்ன கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

2019-ல் என் டாக்டர் இடது கை எக்ஸ்ரேயைப் பார்க்கும் முன்னாலேயே ஒன்று கேட்டார். “காலைக்கடன் முடித்துக் கழுவுவது இந்தக் கையால்தானே?” எனக்குக் கூச்சமாகிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன். “அப்போது இது முன்னால் மடிந்தாக வேண்டும். இரண்டையும் விறைப்பாக வைத்தால் நீங்கள் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கும்” என்றார். முன்னால் மடிகிற அந்த 25 டிகிரியை அதற்காகத்தான் காப்பாற்றினார்கள். ஏழு வாரம் மாவுக்கட்டு, அப்புறம் நான்கு மாதம் பயிற்சி. அந்த டிகிரி எனக்கு என்ன மரியாதையைத் திருப்பித் தந்தது என்பதை வார்த்தையில் எழுத வரவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒருநாள் முழுக்க அம்மா கூடவே இருந்து, எழுந்ததிலிருந்து படுக்கிறவரை எந்தக் கை என்ன செய்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். எக்ஸ்ரேயோடு அதையும் டாக்டரிடம் கொடுங்கள்.

பிப்ரவரி 23

பட்டியலைப் படித்தேன் தம்பி, இரண்டு தடவை. பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள். அடுப்புப் பற்றவைப்பது, களி உருட்டுவது, தடி, மாட்டுக்குத் தண்ணீர், புளி தட்டுவது. புளி தட்டுகிற கை எது என்று மட்டும் விட்டுவிட்டீர்கள். இடது கையால் புளியைப் பிடித்து வலது கையால் தட்டுவார், சரிதானே? தட்டுகிற கை இணைத்த பிறகு முழங்கையிலிருந்து ஓங்க வேண்டிவரும், சின்னச் சுத்தியல் வாங்கிக்கொடுங்கள்.

ஆனால் கழுவுவது பட்டியலில் இல்லை. குளிப்பது இல்லை, தலை பின்னுவது இல்லை, புடவைக் கொசுவம் இல்லை. மகனிடம் அதெல்லாம் சொல்ல மாட்டார். உங்கள் அக்காவை அரூருக்கு ஒரு ராத்திரி வந்து தங்கச் சொல்லுங்கள். அவர் கேட்டு எழுதட்டும், அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.